செகண்ட் லைஃப், ஓப்பன்சிமில் நிலம், பாறை, அருவி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செகண்ட் லைஃப், ஓப்பன்சிம் போன்ற, பயனர்களே கட்டி எழுப்பும் மெய்நிகர் உலகில் கட்டிய மலை மலையாகத் தெரியவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: நிலத்தின் உயரத் தரவில், மேலே வைத்த மெஷ் பொருளில் (மாடலிங் மென்பொருளில் முக்கோணங்களால் செய்து ஏற்றிய வடிவம்), அல்லது பார்ப்பவரின் வியூவர் (உலகைத் திரையில் காட்டும் மென்பொருள்) அதை வரைகிற விதத்தில். எது என்று பிரிக்காமல் கையில் கிடைத்த பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தால் நல்லதாக இருந்த சரிவும் கெட்டுப்போகும்.

பிரிப்பது எளிது. கன்ட்ரோல்+ஆல்ட்+க்யூ அழுத்தி டெவலப் மெனுவை வரவழையுங்கள். அதில் ரெண்டரிங் டைப்ஸ் பட்டியலில் சர்ஃபேஸ் பேட்ச்சை அணைத்தால் நிலம் மட்டும் மறையும். கோளாறும் சேர்ந்து மறைந்தால் அது நிலத்தினுடையது. கன்ட்ரோல்+ஆல்ட்+டி (T) அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத பொருள்கள் சிவப்பாகத் தெரியும். 'ஏதோ ஒன்று இடிக்கிறது' என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். மோதல் வடிவத்தை (நடப்பவரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத உருவம்) பார்க்க அதே டெவலப் மெனுவில் ரெண்டர் மெட்டாடேட்டா, அதற்குள் ஃபிசிக்ஸ் ஷேப்ஸ். இந்த மூன்றையும் கைப்பழக்கமாக வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளுக்கு வாருங்கள்.

அறிகுறி: சரிவு முழுக்கப் படிக்கட்டு

ரா ஃபைல் (நிலத்தின் உயரத்தை எண்களாக வைக்கும் படக் கோப்பு) வழியாக நிலத்தை ஏற்றியவர்களுக்குத்தான் இது வரும். ரா ஃபைலில் ஒரு ரீஜனுக்கு (256 மீட்டர் சதுர நிலப்பகுதி) 256×256 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 13 சேனல் (தரவு அடுக்கு), ஒவ்வொரு சேனலும் 8 பிட். முதல் சேனல் உயரம், இரண்டாவது பெருக்கி. கணக்கு இதுதான்:

உயரம் (மீட்டர்) = முதல் சேனல் × இரண்டாவது சேனல் ÷ 128

முதல் சேனலில் முழு எண்கள் மட்டுமே இருக்க முடியும், 0 முதல் 255 வரை. பெருக்கி 128 ஆக இருந்தால் ஓர் எண்ணுக்கு ஒரு மீட்டர். மென்மையான சரிவுகூட ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு படியாக உடைவது இதனால்தான். பெருக்கியை 64 ஆக்கினால் படி அரை மீட்டர், உச்ச வரம்பு 127.5 மீட்டர். 32 ஆக்கினால் படி கால் மீட்டர், உச்ச வரம்பு 63.75 மீட்டர். பெரும்பாலான தீவுகளுக்கு 32 போதும். நூறு மீட்டர் மலை கட்டாதவர்கள் 128-ஐ வைத்துக்கொள்ளக் காரணமே இல்லை.

உதாரணமாக, கடல் மட்டம் வழக்கமான 20 மீட்டர், உச்சி 45 மீட்டர், கடற்படுகை 5 மீட்டர் என்று ஒரு தீவு. பெருக்கி 32 என்றால் முதல் சேனலில் கடற்படுகை 20, நீர்க்கோடு 80, உச்சி 180.

சரிசெய்யும் வரிசை:

1. ரீஜன்/எஸ்டேட் சாளரத்தில் டெர்ரெய்ன் தாவலில் இருந்து இப்போதுள்ள ரா ஃபைலை இறக்கி, அதன் நகல் ஒன்றைத் தனியே வையுங்கள்.
2. படத் தொகுப்பானில் 256×256, 13 சேனல், 8 பிட், ஹெடர் 0, இன்டர்லீவ்டு என்று சொல்லித் திறவுங்கள்.
3. இரண்டாவது சேனல் முழுவதையும் 32 ஆக நிரப்புங்கள்.
4. முதல் சேனலில் உங்கள் உயரப் படத்தை ஒட்டுங்கள். மூலப்படம் 16 பிட்டில் இருந்தால் மங்கலாக்குவது, அரிப்புச் செய்வது எல்லாவற்றையும் 16 பிட்டிலேயே முடித்துவிட்டுக் கடைசியில் மட்டும் 8 பிட்டுக்கு மாற்றுங்கள். ஜேபெக் ஒரு கட்டத்திலும் வேண்டாம். அதன் சதுரத் தழும்புகள் அப்படியே மண்ணில் வந்து நிற்கும்.
5. சேமித்த ஃபைலின் அளவு சரியாக 8,51,968 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேனல் எண்ணிக்கையோ ஹெடரோ தவறு.
6. ஏற்றியபின் ஸ்மூத் பிரஷ்ஷைக் குறைந்த வலுவில் ஒரு முறை ஓட்டுங்கள். சர்வர் உயரத்தைத் தசமத்தில் வைத்திருப்பதால் கால் மீட்டர் படிகள் இங்கே கரைந்துவிடும்.

ஏற்றியதும் நிலமே காணோம், எல்லாம் தண்ணீர் என்றால் இரண்டாவது சேனல் 0 ஆகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. எதை 0-ஆல் பெருக்கினாலும் 0 தான். நிலம் நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே போய்க் கிடக்கிறது.

ஓப்பன்சிமில் இந்தத் தொல்லையே வேண்டாம். அங்கே ஆர்32 வடிவம் ஒவ்வொரு புள்ளிக்கும் 32 பிட் தசம எண்ணை வைக்கும். 256 மீட்டர் சதுர ரீஜனுக்கு ஃபைல் 2,62,144 பைட். படி வராது, பெருக்கியும் கிடையாது. எண்ணை மீட்டராகவே எழுதலாம்.

ஸ்மூத் பிரஷ்ஷை அதிகம் ஓட்டியவர்களுக்கு எதிர்ப்பக்கக் கோளாறு வரும்: மலை பிசைந்த மாவு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ரஃபன் பிரஷ்ஷைச் சிறிய அளவில், குறைந்த வலுவில், உச்சியிலும் மேல்சரிவிலும் மட்டும் தொட்டுவிடுங்கள். அடிவாரத்தை விட்டுவிடுங்கள். மழை மேலே அரித்து எடுக்கும், கீழே கொண்டுவந்து கொட்டும்; ஆகவே மேலே கரடு, கீழே மழுங்கல் என்பதே இயல்பு.

அறிகுறி: ஓர் அளவுக்கு மேல் மண் ஏறவோ இறங்கவோ மாட்டேன் என்கிறது

இது கோளாறே இல்லை, வரம்பு. மெயின்லேண்டில் (செகண்ட் லைஃபை நடத்தும் நிறுவனத்தின் பொது நிலப்பரப்பு) பெரும்பாலும் அடிப்படை உயரத்தில் இருந்து மேலே 4 மீட்டர், கீழே 4 மீட்டர். தனியார் எஸ்டேட்டில் உரிமையாளர் இதை 100 மீட்டர் வரை தளர்த்தலாம். எஸ்டேட் அதிகாரம் உள்ளவர் டெர்ரெய்ன் தாவலில் பேக் பொத்தானை அழுத்தினால் இப்போதைய உயரமே புதிய அடிப்படையாகி, வரம்பு அங்கிருந்து எண்ணப்படும். ஆனால் ரிவெர்ட் பிரஷ்ஷும் அதன்பின் இந்தப் புதிய அடிப்படைக்குத்தான் திரும்பும். பழைய நிலம் வேண்டுமென்றால் பேக்குக்கு முன்னால் ரா ஃபைலை இறக்கி வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: செங்குத்தான இடத்தில் மண் டெக்ஸ்சர் கோடு கோடாக இழுபடுகிறது

நில டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) நேர் மேலிருந்து கீழே விழும்படி பூசப்படுகிறது. சரிவு கூடக்கூட அதே டெக்ஸ்சர் நீளமான பரப்பை மூட வேண்டியிருக்கிறது. 45 பாகைச் சரிவில் நீட்சி 1.4 மடங்கு, கண் பொறுத்துக்கொள்ளும். 60 பாகையில் 2 மடங்கு, 75 பாகையில் ஏறத்தாழ 4 மடங்கு. டெக்ஸ்சரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பிபிஆர் (ஒளி படும் விதத்தை இயல்பாகக் காட்டும் வகை) நிலப்பொருளில், வியூவர் அமைப்பு உயர்வாக இருந்தால், மூன்று திசையில் இருந்தும் பூசும் வசதி உண்டு. ஆனால் வருகிற எல்லோருடைய கணினியும் அதைக் காட்டும் என்று நம்பிக் கட்டாதீர்கள்.

ஆக, சரிவு 50 பாகையைத் தாண்டும் இடமெல்லாம் மெஷ் பாறைக்கு உரியது. மண்ணைப் பாறையின் பின்புறம் ஏற்றி, பாறையின் அடியை ஒரு மீட்டராவது மண்ணுக்குள் புதையுங்கள். மண்ணும் பாறையும் தொடும் கோடுதான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் இடம். அங்கே சிறு கற்களும் புல்லும் ஒழுங்கில்லாமல் விழட்டும்; கோடு ஓரிடத்திலும் நான்கைந்து மீட்டருக்கு மேல் வெறுமையாக ஓடக்கூடாது. நிலத்தின் கட்டம் ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் பாறையின் அடிவிளிம்பை மண் நெருக்கமாகத் தழுவாது. இடைவெளியை மறைக்க ஏதாவது வைத்தே ஆக வேண்டும்.

அறிகுறி: மலையுச்சியில் மணல், கடற்கரையில் பாறை

நான்கு டெக்ஸ்சர், கீழிருந்து மேலாக. ரீஜனின் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எண்கள் தர வேண்டும். முதல் எண்ணுக்குக் கீழே முதல் டெக்ஸ்சர் மட்டும். இரண்டாவது எண் பெரிதாகப் பெரிதாக நான்கும் அதிக உயரத்துக்குப் பரவும். உங்கள் தீவின் உச்சியே 35 மீட்டராக இருந்து இரண்டாவது எண்ணை 60-இல் விட்டிருந்தால் நான்காவது டெக்ஸ்சர் ஒருநாளும் கண்ணில் படாது. மூலைக்கு மூலை எண்கள் வேறுபட்டால் மணல்கோடு ரீஜன் குறுக்கே சாய்ந்து ஓடும். இதை வேண்டுமென்றே பயன்படுத்தலாம்: அலை படும் பக்கம் மணல் உயரமாக ஏறட்டும், மறுபக்கம் நீர் வரை புல் வரட்டும். டெக்ஸ்சரை ஏற்கவே மறுக்கிறது என்றால் அதில் ஆல்ஃபா சேனல் (ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் அடுக்கு) ஒட்டிக்கொண்டிருக்கும். 24 பிட்டில் மறுபடி சேமியுங்கள்.

அறிகுறி: கிட்டே அழகான பாறை, தள்ளி நின்றால் நசுங்கிய காகிதம்

புகார்களில் மிகுதியானது இதுதான். கட்டியவர் கண்ணில் படாமல் வந்தவர் கண்ணில் மட்டும் படுவதும் இதுதான்.

ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் நான்கு விவர மட்டங்கள் உண்டு. எந்தத் தூரத்தில் எது காட்டப்படும் என்பதைப் பொருளின் ஆரம் முடிவுசெய்கிறது. ஆரம் என்பது பொருளைச் சுற்றிய பெட்டியின் மூலைவிட்டத்தில் பாதி. வியூவரின் எல்ஓடி காரணி (விவர மட்டத்தை எவ்வளவு தூரம் தக்கவைப்பது என்ற அமைப்பு) 1 என்றால், ஆரம் ÷ 0.24 தூரத்தில் உயர் மட்டம் நடு மட்டமாகும். ஆரம் ÷ 0.06-இல் தாழ் மட்டம். ஆரம் ÷ 0.03-இல் கடைசி மட்டம். காரணி 2 என்றால் எல்லாத் தூரமும் இரட்டிப்பாகும்.

4×4×2 மீட்டர் பாறை ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். மூலைவிட்டம் 6, ஆரம் 3. மட்டம் மாறும் தூரங்கள் 12.5, 50, 100 மீட்டர். மோசமில்லை. இப்போது 0.4×0.4×0.2 மீட்டர் கூழாங்கல்: ஆரம் 0.3, தூரங்கள் 1.25, 5, 10 மீட்டர். அதாவது ஓடைக்கரையில் நீங்கள் தனித்தனியாக அடுக்கிய கல் அத்தனையும் பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கடைசி மட்டத்தில், மூன்று நான்கு முக்கோணங்களாகத் தெரிகிறது.

இரண்டு சிகிச்சை உண்டு. கற்களைத் தனித்தனியாக ஏற்றாமல், நான்கு மீட்டர் அகலத்துக்குச் சிதறிய கற்கூட்டமாக மாடலிங் மென்பொருளிலேயே ஒரே மெஷ்ஷாக இணைத்து ஏற்றுங்கள். ஆரம் கூட்டத்துக்குக் கணக்கிடப்படும். உலகுக்குள் வந்தபின் லிங்க் செய்வது (தனிப் பொருள்களை ஒரே தொகுப்பாகக் கட்டுவது) இதற்கு ஈடாகாது. இரண்டாவது, தாழ் மட்டங்களை அப்லோடர் தானாகக் குறைக்க விடாமல் நீங்களே வடிவமைத்துக் கொடுங்கள். பெரிய பாறைக்குக் கடைசி மட்டத்தில் முப்பது முக்கோணம் போதும், ஆனால் வெளிக்கோடு மூடியதாக இருக்க வேண்டும். ஓட்டையோடு இருந்தால் பின்னால் உள்ள வானம் தெரியும்.

சரிபார்க்கும்போது உங்கள் வியூவரின் எல்ஓடி காரணியை 1-க்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். 4-இல் வைத்துக்கொண்டு கட்டுபவர்கள் பலர். அவர்கள் பார்க்கிற தோட்டத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை.

அறிகுறி: தூரத்துப் பாறை அந்தரத்தில் மிதக்கிறது, கிட்டே போனால் தரையில் இருக்கிறது

வடிவம் கெடவில்லை, இடம்தான் தவறு என்றால் பழி நிலத்துடையது. தொலைவில் உள்ள நிலத்தையும் வியூவர் எளிமையாக்கித்தான் வரைகிறது. மேட்டு நுனி சற்றுத் தணிந்து போகும். முகட்டில் வைக்கிற பாறையை வழக்கத்தைவிட ஆழமாக, அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை, இறக்கி வையுங்கள். வேறு வழி தேட வேண்டாம்.

அறிகுறி: குகை வாய் திறந்திருக்கிறது, உள்ளே போக முடியவில்லை

ஃபிசிக்ஸ் ஷேப்ஸ் காட்சியை இயக்குங்கள். குகை வாயை ஒரு தோல் மூடியிருப்பது தெரிந்தால், மோதல் வடிவம் கான்வெக்ஸ் ஹல்லில் இருக்கிறது. அது பொருளின் வெளிப்புறத்தைக் குழியே இல்லாமல் போர்த்திவிடும். எடிட் சாளரத்தில் ஃபீச்சர்ஸ் தாவலில் ஃபிசிக்ஸ் ஷேப் டைப்பைப் பிரிம் என்று மாற்றுங்கள். மாற்றியும் தோல் போகவில்லை என்றால் ஏற்றும்போதே தனி மோதல் மாடல் கொடுக்கப்படவில்லை என்று பொருள். மறுபடி ஏற்றியாக வேண்டும்.

மோதல் மாடலைக் குகைச் சுவர்களுக்கு எளிய பலகைகளாகச் செய்யுங்கள்: தரைக்கு ஒன்று, சுவர்களுக்கு ஆறேழு, கூரைக்கு ஒன்றிரண்டு. பாறையின் முழு உருவத்தையே மோதல் மாடலாகக் கொடுப்பது வீண்செலவு. நடப்பவர் கால் ஒவ்வொரு முண்டிலும் சிக்கும். ஏற்றும்போது அனலைஸ் பொத்தானை அழுத்தாமல் விட்ட முக்கோண மோதல் வடிவத்தில் இன்னொரு கண்ணி: பொருளின் எந்தப் பக்கமாவது 0.5 மீட்டருக்குக் குறைந்தால் அது தானாகவே கான்வெக்ஸ் ஹல்லுக்குத் திரும்பிவிடும். மெல்லிய பாறை வளைவுகள் வழிமறிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தோலும் இல்லை, ஆனாலும் முழங்காலில் ஏதோ தடுக்கிறது என்றால் அது மண். நிலத்துக்கு ஒரு புள்ளியில் ஓர் உயரம்தான். அதில் துளையோ குடைவோ போட முடியாது. குகை இருக்கும் இடத்தில் மண்ணைக் குகைத் தரைக்கும் கீழே தாழ்த்திவிட்டு, மேலே தெரிகிற மலை முழுவதையும் மெஷ்ஷால்தான் கட்ட வேண்டும். வாயை நான்கு மீட்டர் உயரத்துக்கும் மூன்றரை மீட்டர் அகலத்துக்கும் குறைக்காதீர்கள். ஆள் நுழைந்துவிடுவார்; பின்னால் வரும் கேமரா நுழைய வேண்டாமா?

அறிகுறி: இரண்டு பொருளை லிங்க் செய்ததும் லேண்ட் இம்பாக்ட் எகிறுகிறது

எடிட் சாளரத்தில் மோர் இன்ஃபோ அழுத்தினால் டவுன்லோடு, ஃபிசிக்ஸ், சர்வர் என்று மூன்று எடை தெரியும். மூன்றில் பெரியதே உங்கள் லேண்ட் இம்பாக்ட் (நிலம் தாங்கும் பொருள் அளவில் இந்தப் பொருள் பிடிக்கும் பங்கு). டவுன்லோடு பெரியது என்றால் பொருளின் அளவும் நடு, தாழ் மட்டங்களின் முக்கோணங்களும் காரணம். ஃபிசிக்ஸ் பெரியது என்றால், மெஷ்ஷுக்கு முந்திய வகைப் பொருள் (பிரிம், டோரஸ், ஸ்கல்ப்ட்) ஏதோ மெஷ்ஷோடு லிங்க் ஆகிப் புதிய கணக்குக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டுகளைக் கான்வெக்ஸ் ஹல் ஆக்குங்கள், நடக்கத் தேவையில்லாதவற்றை நன் (None, மோதலே இல்லாத வகை) ஆக்குங்கள். ரூட் துண்டுக்கு (தொகுப்பின் முதன்மைத் துண்டு) மட்டும் நன் கிடையாது. முக்கோண மோதல் வடிவம் கொண்ட பொருளைச் சிறிதாக்கினால் ஃபிசிக்ஸ் எடை ஏறும், பெரிதாக்கினால் இறங்கும். தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். சிறு முக்கோணங்களே மோதல் கணக்குக்குச் சுமை.

அறிகுறி: இலைகள் ஒன்றை ஒன்று விழுங்குகின்றன, ஓரத்தில் வெள்ளைக் கோடு

டெக்ஸ்சர் தாவலில் ஆல்ஃபா மோட் பிளெண்டிங்கில் இருக்கும். மாஸ்கிங்குக்கு மாற்றி, கட்ஆஃப்பை 100-ஐ ஒட்டித் தொடங்குங்கள். தூரத்தில் மரம் மொட்டையாகிறது என்றால் கட்ஆஃப்பைக் குறையுங்கள். வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் டெக்ஸ்சரின் ஒளிபுகும் பகுதியில் வெள்ளை இருப்பது. அங்கே இலையின் பச்சையையே நிரப்பிவிட்டு ஆல்ஃபாவை மட்டும் வெட்டுங்கள். மரத்தில் அடிமரம் ரூட்டாக இருக்கட்டும், இலைக்கொத்துகள் நன் ஆகட்டும்.

அறிகுறி: அருவி பக்கவாட்டில் ஓடுகிறது

வழவழப்பாக நகரும் டெக்ஸ்சர் அனிமேஷன் டெக்ஸ்சரின் கிடை அச்சில் மட்டுமே ஓடும். அந்த முகத்தின் டெக்ஸ்சரை 90 பாகை திருப்புங்கள். மேல்நோக்கி ஏறினால் வேகத்தின் முன் கழித்தல் குறி போடுங்கள். ஒருமுறை இயங்கியபின் இந்த அனிமேஷன் பொருளின் பண்பாகவே பதிந்துவிடும். ஸ்கிரிப்டை அழித்துவிடலாம், அருவி நிற்காது.

அருவிக்கு ஒரே தகடு போதாது. இரண்டு தகடுகள், 5 செ.மீ. இடைவெளி, வேகம் ஒன்றுக்கொன்று பெருக்கலாக அமையாமல் 0.3, 0.43 என்று. அடுக்கு மினுமினுக்கிறது என்றால் இடைவெளி போதவில்லை.

ஓடை மேட்டில் இருந்து இறங்க வேண்டுமானால் ரீஜனின் கடல்நீர் உதவாது. அது முழு ரீஜனுக்கும் ஒரே மட்டம். மேலேயுள்ள நீரெல்லாம் மெஷ் தகடுதான். அதில் நீந்த முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குக் கட்டுங்கள்.

அறிகுறி: ஒரு கோளாறும் இல்லை, ஆனால் செயற்கையாக இருக்கிறது

இங்கே வியூவர் உதவாது, நிலவியல் உதவும்.

ஓடையை அளந்து பாருங்கள். இயற்கையில் வளைந்தோடும் ஆறு ஒரு முழு வளைவை முடிக்க அதன் அகலத்தைப்போல் ஏறத்தாழ 10 முதல் 14 மடங்கு தூரம் எடுத்துக்கொள்கிறது. 4 மீட்டர் அகல ஓடைக்கு அது 40 முதல் 56 மீட்டர். ஒரு ரீஜனின் குறுக்கே ஐந்தாறு வளைவுக்கு மேல் இடமில்லை. பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை வளைத்திருந்தால் அதுதான் உறுத்துகிறது. மடுவுக்கும் அடுத்த மடுவுக்கும் இடையே அகலத்தில் 5 முதல் 7 மடங்கு விடுங்கள்; நடுவே ஆழம் குறைந்து கல்லில் நீர் சலசலக்கும் இடம் வரட்டும். வளைவின் வெளிக்கரை செங்குத்தாக அரிபட்டு ஆழமாக, உட்கரை மணல் திட்டாகச் சாய்ந்து இருக்க வேண்டும். இருகரையும் ஒரே சரிவில் இருந்தால் அது கால்வாய்.

பாறையில் பெரும்பாலோர் செய்வது, ஒரே பாறையை எல்லாத் திசையிலும் தாறுமாறாகச் சுழற்றி வைப்பது. திரும்பத் திரும்ப ஒன்றே வருவது அதில் மறையும், உண்மைதான். ஆனால் படிவுப் பாறையில் அடுக்குக் கோடுகள் ஒரு மலை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே மலையோடு ஒட்டியிருக்கும் பாறைகளைச் செங்குத்து அச்சில் மட்டும் 180 பாகை திருப்புங்கள், அளவை மாற்றுங்கள். அப்படித் திருப்பியதில் சாய்வு மறுபக்கம் விழுந்தால் சாய்வையும் திருத்துங்கள். உடைந்து உருண்டு கீழே கிடப்பவற்றை மட்டும் இஷ்டம்போல் சுழற்றலாம். அப்படிக் கிடக்கும் கற்குவியலின் சரிவு 30 முதல் 38 பாகைக்குள் நிற்கும். அதைவிடச் செங்குத்தாக அடுக்கினால் நிற்காது என்பதைப் பார்ப்பவர் கண் அளக்காமலே சொல்லிவிடும். குவியலில் பெரிய கல் அதிக வேகத்தோடு உருண்டு அடிவாரம் வரை போயிருக்கும், பொடிக்கல் மேலேயே தங்கியிருக்கும். பெரியவற்றைக் கீழே நகர்த்துங்கள், ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறக்குங்கள், நடுத்தரக் கற்களை அவற்றின் மேற்புறத்தில் தடுத்து நிற்பதுபோல் வையுங்கள்.